ரத்தம் ஏன் சீறுகிறது?

மாமாவுக்கு அயோர்ட்டிக் வால்வு சுருங்கிவிட்டதாம். எக்கோ எடுத்த டாக்டர், "ரத்தம் ரொம்ப வேகமாகப் போகிறது" என்கிறார். வேகம் நல்லதுதானே? – வாசகர், ஷா ஆலம்

வாசல் கழுவும்போது ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் சீறுமே, அது தண்ணீர் கூடியதாலா? வாய் குறுகியதால்தானே! வால்விலும் அதே கதை. 3, 4 சதுர செ.மீ. திறக்க வேண்டிய வால்வு 1-க்குக் கீழே இறங்கினால் கடுமையான சுருக்கம். விநாடிக்கு 1 மீட்டரை ஒட்டி ஓட வேண்டிய ரத்தம் 4 மீட்டரைத் தொடும். அந்த 4-ஐ வர்க்கமாக்கி, மறுபடி 4-ஆல் பெருக்குங்கள்: 64. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகத் தள்ளும் அழுத்தம் அது, பாதரச மில்லிமீட்டரில். கையில் கட்டும் பிரஷர் மிஷின் இதைக் காட்டாது.

வேகம் குறைந்துவிட்டது என்றாலும் நிம்மதி வேண்டாம். இதயம் களைத்தாலும் குறையும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மயக்கம் வருகிறதா? தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மாமாவை அழைத்துப் போங்கள்.

வால்வருகே ரத்தம் சுழல்வதை முதலில் யோசித்த டாக்டர் யார்? – வாசகி, கிள்ளான்

டாக்டரா? மோனலிசாவை வரைந்தவர்! 1513 வாக்கில் லியோனார்டோ டா வின்சி, கண்ணாடியில் அயோர்ட்டா (மகாதமனி) செய்து, நீரில் புல்விதை கலந்து ஓடவிட்டுப் பார்க்கும் வழியை எழுதிவைத்தார். அந்தச் சுழல்தான் வால்வு இதழ்களை மூட உதவுகிறது என்பது அவர் ஊகம். 20-ஆம் நூற்றாண்டு ஆய்வகங்கள் அவர் பக்கமே சாய்ந்தன.

நெஞ்சைப் பிளக்காமல் வால்வு வைக்கலாமாமே? – வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

2002-இலேயே பிரான்ஸில் டாக்டர் அலென் கிரிபியே தொடை ரத்தக்குழாய் வழியாக வைத்துவிட்டார். கோலாலம்பூரின் தேசிய இதயக் கழகமான ஐ.ஜே.என்.னிலும் செய்கிறார்கள்.