பொருள் குறையின் விதி பெருகும்: எளிய பாஸ்தா குறித்து ஓர் ஆய்வு

அடுப்பில் ஏறும் பொருள்களின் எண்ணிக்கை குறையக் குறைய, அவற்றைப் பற்றிய விதிகளின் எண்ணிக்கை கூடும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். களம், இத்தாலிய வீட்டு அடுப்படி. ஆய்வுப் பொருள், கால் மணியில் ஆகிவிடும் எளிய பாஸ்தா. ஒப்பீட்டுக்கு மினெஸ்ட்ரோனே சூப்பை எடுத்துக்கொள்க. அதில் பத்துப் பன்னிரண்டு பொருள் விழுகிறது. பூசணி போட்டாலும் கேட்பாரில்லை, போடாவிட்டாலும் கேட்பாரில்லை.

முதற்சான்று நள்ளிரவில் கிடைக்கிறது. ஊர் சுற்றிவிட்டுப் பசியோடு வீடு திரும்பும் நண்பர் கூட்டம் அகாலத்தில் ஸ்பாகெட்டி வேகவைத்து உண்பது இத்தாலியில் நெடுநாள் வழக்கம். அவ்வேளைக்கு உரியது நேப்பிள்ஸ் நகரத்து ஆலியோ எ ஓலியோ. ஸ்பாகெட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், மிளகாய் வற்றல், தீர்ந்தது. பூண்டை நசுக்குவதா, சீவுவதா, முழுப்பல்லாகப் போட்டுப் பிறகு எடுத்தெறிவதா என்பதில் மூன்று கட்சிகள் உள. பொன்னிறத்தில் நிறுத்தாவிட்டால் கசக்கும் என்பதில் மட்டும் மூன்றும் ஒன்று. பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து வாணலியில் விட்டுக் குலுக்கினால், அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் ஒட்டவைத்து வழவழப்பாக்கும். அந்த நீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடும் பழக்கமுடையோர் இவ்விடத்தில் ஆய்வை விட்டு வெளியேறலாம்.

நீருக்கும் விதி உண்டு. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீர், 10 கிராம் உப்பு; இத்தாலியில் பலருக்கும் மனப்பாடம். இதில் கைவைத்தவர் பட்ட பாட்டுக்கு ஆவணம் இருக்கிறது. 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பரீசி, மறு ஆண்டே, நீர் கொதித்தபின் அடுப்பை அணைத்து மூடிவைத்தால் அந்தச் சூட்டிலேயே பாஸ்தா வெந்துவிடும், எரிவாயு மிச்சம் என்னும் யோசனையைப் பரப்பினார். சிக்கலான அமைப்புகளை ஆராய்ந்தவர். எளிய அமைப்பில் மாட்டிக்கொண்டார். நீர் கொதிப்பது நின்றது, சமையற்கலைஞர்கள் கொதித்தார்கள்.

நான்கு பொருளுக்கே இப்படியென்றால் மூன்றுக்கு எப்படி? ரோம் நகரத்து காச்சோ எ பெபே: பாஸ்தா, பெக்கொரீனோ என்னும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மிளகு. வெண்ணெய் சேர்த்தால் ரோமானியர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பாலாடைக்கட்டித் துருவலைக் கொதிநீரோடு சேர்த்த கணத்தில் அது திரண்டு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடாது. இத்துயரைத் தீர்க்க எட்டு இயற்பியலாளர்கள் புறப்பட்டார்கள். பாலாடைக்கட்டியின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் குழம்பு திரளாது என்று கண்டார்கள். திரண்டு கெடும் நிலைக்கு மொட்சரெல்லா நிலை என்று பெயரும் சூட்டினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2025-இல் அவர்களுக்குக் கிடைத்தது. வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டுப் பிறகு துருவலைச் சேர்க்கும் ரோமானியக் கிழவிகளுக்கு எப்பரிசும் இல்லை.

இரண்டு பொருளுக்கு வருவோம். தாலியதெல்லே நாடா, மாவும் முட்டையும்தான். அதன் அகலம் குறித்து ஐயம் எழாதிருக்க, 1972-இல் பொலோனியா வணிகச் சபையில் தங்கத்தாலான மாதிரி ஒன்றே வைக்கப்பட்டது. வெந்த நாடா 8 மில்லிமீட்டர். அதாவது அவ்வூர் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு. சமைக்கும்போது கோபுரத்தை அருகில் வைத்துக்கொள்வது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது. ரவையும் நீரும் மட்டுமே கொண்ட உலர் பாஸ்தாவுக்கோ நாடாளுமன்றமே இறங்கிவந்தது: டுரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டுமென 1967-இல் சட்டம் இயற்றினார்கள்.

கார்பொனாராவில் பன்றிக் கன்ன இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி, மிளகு, பாஸ்தா என ஐந்து பொருள் இருந்தும் விதி குறையவில்லையே என்பாரும் உளர். அது பொருந்தாது. 1954-இல் இத்தாலியச் சமையல் இதழொன்று வெளியிட்ட குறிப்பில் பூண்டும் கிரூயேர் பாலாடைக்கட்டியும் இருந்தன. அன்று எவரும் அரிவாள் எடுத்ததாகத் தெரியவில்லை. அவ்விரண்டையும் வெளியேற்றிய பிறகே வழக்கு மூண்டது. ஆக, இதுவும் நம் பக்கத்துச் சாட்சியே.

உண்மையில் தொல்லை தருவது பாஸ்தா இன் பியாங்கோ. வெந்த பாஸ்தாவில் கொஞ்சம் வெண்ணெய் அல்லது எண்ணெய், விருப்பமிருந்தால் பாலாடைக்கட்டித் துருவல். கருதுகோளின்படி இதற்குத் தனி நீதிமன்றமே இருந்திருக்க வேண்டும். ஒரு சண்டைகூட இல்லை. காரணம் தேடியதில், வயிறு சரியில்லாதவருக்கே அதைப் பெரும்பாலும் பரிமாறுகிறார்கள் என்று தெரியவந்தது. வாதாடத் தெம்பில்லாதவரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று முடிவு செய்து, அத்தரவை விலக்கியிருக்கிறோம்.