விளக்கும் குடமும்

இலங்கைச் சனாதிபதியாக இருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் சட்ட அறிவை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. பதவியை நீட்டிக்க விரும்பிய தலைவர்கள் பலர் பட்டாளத்தைக் கூப்பிட்டார்கள். அவர் வாக்காளரையே கூப்பிட்டார். தேர்தல் வேண்டாம் என்பதற்கு மக்களிடமே வாக்குக் கேட்ட கெட்டிக்காரர் அவர்.

1982 டிசம்பர் 22. இலங்கை முழுவதும் சர்வசன வாக்கெடுப்பு. 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1989 ஆகஸ்ட் வரை இருக்கலாமா என்பது கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவிக்கும் விளங்கும் ஏற்பாடு. மாலையானால் விளக்கேற்றிக் கும்பிடுகிற வீடுகளில் போய், விளக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்கள். சின்னம் பொறுக்கியவர் ஊரை நன்றாக அறிந்தவர்.

கணக்கிலும் அவர் புலி. 1977இல் பழைய தொகுதி முறையில் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 இடங்கள். அதன் பிறகு விகிதாசார முறையைக் கொண்டுவந்ததும் அவரே. 1982 அக்டோபர் சனாதிபதித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 52.9 சதவீதம். அந்த அளவு வாக்கோடு புதிய முறையில் பொதுத் தேர்தலுக்குப் போனால் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை கைவிட்டுப் போகும். வாக்கெடுப்பில் விளக்குக்கு விழுந்தது 54.7 சதவீதம், மூன்றில் இரண்டு பங்கு அப்படியே நின்றது. யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். அதுவும் ஒழுங்காக எண்ணப்பட்டு, அறிவிக்கப்பட்டு, கோப்பில் இருக்கிறது.

கட்சிக் கட்டுப்பாட்டையும் அவரிடம்தான் கற்க வேண்டும். தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். கையெழுத்து அவர்களுடையது, திகதி அவருடையது. எதிரணியையும் அவர் விட்டுவைக்கவில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை 1980இலேயே ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டிருந்தது, பாராளுமன்றத் தீர்மானத்தின்படி, முறையாக. வாக்கெடுப்பு நடந்தபோது அவசரகாலச் சட்டமும் நடைமுறையில் இருந்தது. அதுவும் முறையாகத்தான்.

இவ்வளவையும் விட நான் மதிப்பது அவருடைய 1975ஆம் ஆண்டுச் செயலை. 1970இல் ஐந்தாண்டுக்குத் தெரிவான சிறிமாவோ அரசு, புதிய அரசியலமைப்பைக் காட்டித் தன் ஆயுளை 1977 வரை இழுத்துக்கொண்டது. இது மக்கள் கொடுத்த காலம் அல்ல என்று ஜே. ஆர். தன் ஆசனத்தைத் தூக்கி எறிந்தார். கொழும்பு தெற்கு வாக்காளரிடம் திரும்பப் போய் நின்றார், பெருவெற்றி பெற்றார். வாக்காளன் குறித்துக் கொடுத்த காலத்தை ஆள்கிறவன் தானே நீட்டக் கூடாது என்பது அன்று இலங்கையில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கு ஆசனத்தைத் துறந்த அதே மனிதர், ஏழாண்டு கழித்து ஆறு ஆண்டு கேட்டார். அறியாமல் செய்தார் என்ற பழியை அவர்மேல் யாரும் போட முடியாது.

1977 ஜூலையில் 18 வயதில் முதல் வாக்கைப் போட்ட இளைஞனுக்கு அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் வந்தது. அப்போது அவன் வயது முப்பதை நெருங்கியிருந்தது.