தடைக்காலத் திரைப்பட விழா

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் நிம்மதியாக இனம் பெருக்கட்டும் என்று அரசு கொடுக்கும் அவகாசம். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். அதனால் பாம்பனில் என் மாமியார் வீட்டில் அந்த நாட்களில் இரண்டு கோஷ்டிகள் ஒரே டி.வி. முன்னால் உட்கார நேரிடும். ரிமோட் சண்டையில் ஜெயிப்பது எப்போதும் ஆறு வயசுக்காரிதான். சூறைக்காற்றுக்கே அசராத மச்சான்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து கார்ட்டூன் பார்ப்பார்கள்.

நான் ராமநாதபுரம் டவுன்காரன். கடலை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவன். டிஸ்னி, மியாசாகி, பிக்சார் என்று பேசும் அளவுக்குக் கலைக்கண் உண்டு என்பது என் நினைப்பு. இவர்களுக்கு இருப்பது தொழில்கண். படத்தில் கடல் வந்துவிட்டால் எனக்கு அது சினிமா, அவர்களுக்குத் தணிக்கை.

பாப்பாய் 1933-ல் திரைக்கு வந்த பழைய ஆள். பெரிய மச்சானுக்கு அவன்மேல் மரியாதையே கிடையாது. “கடல்காரன்ங்கிறான், தின்னுறது கீரை. அதுவும் டப்பாக் கீரை. இவன் வலை போட்டுப் பாத்தீகளா மாப்ள?” அந்த வீங்கிய முன்கையை மட்டும் ஏற்றுக்கொண்டார். விஞ்ச் வருவதற்கு முன்னால் கையால் வலை இழுத்தவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம்.

அடுத்தது டிஸ்னியின் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’, 1989. கடல்கன்னி என்றதும் சின்ன மச்சான், “ஆவுளியாவத்தான் இவன் இப்படி வரைஞ்சு வச்சிருக்கானா?” என்றார். பாக் நீரிணையின் கடற்பசு அது. கடலடிப் புல்லை மேய்ந்து 400 கிலோ வரை வளரும். கொலம்பஸே 1493-ல் கரீபியன் பக்கம் இதன் ஒன்றுவிட்ட சொந்தத்தைப் பார்த்துவிட்டு, கடல்கன்னிகள் படத்தில் போடுகிற அளவுக்கு அழகாக இல்லை என்று குறிப்பு எழுதினார். எங்கள் கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக ஆவுளியாவைப் பார்த்தும் யாரும் அதற்குக் கவிதை எழுதவில்லை. கண் நன்றாக இருந்திருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தது. டிஸ்னி நாயகிகளில் வேறு யாருக்கும் இவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

படத்தில் ராஜகுமாரனுக்காக அந்தக் கடல்கன்னி தன் குரலைச் சூனியக்காரியிடம் கொடுத்துவிடும் இடத்தில் அத்தை எழுந்து உட்கார்ந்தார். ஏலத்தில் கூவிக் கூவியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். “தொண்டையக் குடுத்துட்டு நாளைக்கு மீன எப்புடி விப்பா?” காதல் கதையை இப்படி யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

மியாசாகியின் ‘போன்யோ’வில் (2008) அலைகளே பெரிய பெரிய மீன்களாக மாறி ஊரைத் துரத்தும். மறுநாள் ஊர் தண்ணீருக்குள் கிடக்க, எல்லாரும் சிரித்துக்கொண்டு படகில் போவார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போன கதையை அதன் வாய்க்குள்ளிருந்து தப்பி வந்தவர்களிடமே கேட்டு வளர்ந்த வீடு இது. யாரும் பேசவில்லை. படத்துப் பையன் சோசுகே எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டானா என்று மட்டும் அத்தை கேட்டார். கண்டுபிடித்துவிட்டான் என்றேன். “ஜப்பான்காரன் நல்லவன்” என்றார்.

அந்த நல்ல பெயரை இன்னொரு ஜப்பான்காரர் யூகோ சாகோ கொஞ்சம் கெடுத்தார். நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து உழைத்து, ஏறத்தாழ ஒரு லட்சம் படங்களைக் கையால் வரைந்து 1993-ல் வெளியிட்ட ராமாயணம் அவருடையது. 2025 ஜனவரியில் தமிழும் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது. வானரங்கள் மலையைத் தூக்கிப் போட்டுப் பாலம் கட்டுகிற காட்சியைப் பாம்பன்காரர்கள் முன்னால் போடுவது விஷப்பரீட்சை. வால்மீகி கணக்கில் ஐந்தே நாள் வேலை. வாசலுக்கு எதிரே நிற்கும் புது ரயில் பாலத்துக்கு அடிக்கல் 2019-ல், திறப்பு 2025 ராமநவமியன்று. “அவுகளுக்கு டெண்டர் கெடையாதுல்ல” என்று சின்ன மச்சான் சமாதானம் சொன்னார். பெரியவர் விடவில்லை. “நடுவுல தூக்கு வைக்கலையே, படகு எப்புடிப் போகும்?” ஆயிரத்துச் சொச்சம் உரைகாரர்களுக்கும் தோன்றாத கேள்வி.

ஆனாலும் எங்கள் வீட்டு விழாவின் நட்சத்திரம் ‘ஃபைண்டிங் நீமோ’தான் (2003). அந்த ஆரஞ்சு, வெள்ளைப் பட்டை மீன் ஆஸ்திரேலியாவில் தொலைந்ததாகக் கதை. பக்கத்து மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சிக்காரர்கள் அந்தச் சாதியைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். எங்களுக்குத் தேட வேண்டிய அவசியமில்லை.

ஆரம்பத்திலேயே ஒரு சீலா மீன் வந்து நீமோவின் அம்மாவை முடித்துவிடும். பிள்ளைகள் அழுதார்கள். அத்தை, சீலா நல்ல சைஸ் என்றார். மீன் தின்ன மாட்டோம் என்று சுறாக்கள் சங்கம் கூட்டிச் சத்தியம் செய்யும் காட்சியில் யாரும் உருகவில்லை. “முத்தல். புட்டுக்கு ஆகாது.”

என் படிப்பைக் காட்டச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மீனில் பொட்டை செத்துப்போனால் அதன் புருஷனே பொட்டையாக மாறிவிடும், ஆகவே நிஜத்தில் நீமோவின் அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும் என்றேன். அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதான் படம் பூரா இந்தப் புலம்பு புலம்புறான்.”

கடைசியில் வலையில் அகப்பட்ட மீன்கள் எல்லாம் ஒன்றாகக் கீழ்நோக்கி நீந்த, கட்டை முறிந்து, வலை கடலுக்குள் போகும். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரிய மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டார். “வலை போச்சு. டீசல் காசு, ஐஸ் காசு, கூலி? ரெண்டாம் பாகத்துலயாச்சும் அந்த ஓனருக்கு ஏதும் குடுத்தானா?”

இல்லை, ‘ஃபைண்டிங் டோரி’யில் ஒரு பேய்க்கணவாய் லாரியைக் கடத்தி ஓட்டிக்கொண்டு போய்க் கடலில் பாய்ச்சிவிடும் என்றேன்.

“மீன் லாரியா?”

“ஆமா மச்சான்.”

“லோடோடவா?”