மாப்பிள்ளைக்குக் காடி இருக்கு, ஆயாவுக்கு?

வாடா தம்பி, உக்காரு. கல்யாணத்துக்கு வண்டி வாகனமெல்லாம் பிளான் போட்டுட்டேன்னியே, காட்டு பாப்போம். ஓ, போன்லயே கட்டம் கட்டமா போட்டு வெச்சிருக்கியா? பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலரு வேற. பேஷ்.

முதல் கட்டமே மாப்பிள்ளை காடி. கோலாலம்பூர்லேர்ந்து வாடகைக்கு வருதாம். கூரை திறக்குமாம். ரெண்டே சீட்டாம். முன்னாடி பத்து பெரிய மோட்டார் சைக்கிள். பின்னாடி பதினஞ்சு காடி, எல்லாத்துலயும் ஒரே ஸ்டிக்கர். மேல ட்ரோன் பறக்கும்.

சரி. ஆயா எதுல வருது?

கட்டத்துல இல்லியா? போகட்டும். தாலி யாரு காடியில வருது? அதுவும் இல்லியா? பரவால்லடா. ஸ்டிக்கருக்கு ஆர்டர் குடுத்தாச்சுல்ல, கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான்.

உன் காடியையே முதல்ல எடுத்துக்குவோம். கோவில் எங்க இருக்கு? பழைய தோட்டத்துல. சடக்கை விட்டு உள்ள திரும்பினா செம்மண் பாதை, ரெண்டு பக்கமும் செம்பனை. குலை ஏத்துற லோரி போட்ட பள்ளத்துல மழை பேஞ்சா தவக்களை குடித்தனம் நடத்தும். எண்டாவ் ரொம்பின் காட்டைப் பாக்க நம்ம காஹாங் வழியா வர்றானே வெளியூர்க்காரன், அவனுக்குக்கூடத் தெரியுது. கம்போங் பெத்தா வரைக்கும் 50 கிலோமீட்டருக்கு மேல உள்பாதைன்னு கேட்டுக்கிட்டு ஃபோர் வீல் வண்டியில வர்றான். இந்த மண்ணுல பொறந்த நீ தரையை நக்குற காடியைக் கொண்டார. மாட்டிக்கிட்டா யாரு தள்ளுறது? பட்டு வேட்டியோட மாப்பிள்ளையா? தள்ளட்டும். ட்ரோன்தான் இருக்கே, மேலேர்ந்து அழகா படம் புடிக்கும்.

கல்யாணம் தை மாசமா? தை பிறந்தா வழி பிறக்கும்னு சொன்னவன் காஹாங் பக்கம் வந்ததே இல்லடா. இங்க வடகிழக்குப் பருவமழை நவம்பர்ல இறங்குனா மார்ச் வரைக்கும் ஆட்டம் காட்டும். நம்ம ஊருல தை பிறந்தா வழி முங்கும். 2006 டிசம்பர்லயும் 2007 ஜனவரியிலயும் ஜொகூர்ல பாதி தண்ணியில கெடந்துச்சு. கோத்தா திங்கிப் பட்டணம் ரெண்டு தடவை முங்குச்சு. அப்போ நீ டவுசர் போட்ட பய. ஜாதகம் தையிலதான்னு சொன்னா கும்புட்டு ஏத்துக்க. ஆனா தண்ணி ஏறினா எந்தப் பக்கமா சுத்தி வர்றதுன்னு உன் கட்டத்துல ஒரு கட்டம் போடு. கூரை திறக்குற காடிக்கு ஒரு நல்ல குடையும் வாங்கி வெய்யி.

ஊர்வலத்துல யானை விடலாமான்னு கேட்டியாமே? இங்க யானைக்கு எதுக்குடா வாடகை? மெர்சிங் சடக்குல இருட்டினப்புறம் அதுவா வந்து கடக்கும். அந்நேரம் உன் பத்து மோட்டார் சைக்கிளும் ஹார்ன் அடிச்சுப் பாக்கட்டும். யாரு ஊர்வலம் பெருசுன்னு அன்னிக்குத் தெரிஞ்சுடும். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? பொழுது சாயுறதுக்குள்ள சனத்தை வீடு சேத்துடுவான்.

நம்ம ஊருக்கு இருக்குறது ஒரே பெரிய சடக்கு. பத்து பஹாட்டுல ஆரம்பிச்சு ஆயர் ஈத்தாம், குளுவாங், காஹாங், ஜெமாலுவாங்னு கிழக்கே ஓடுற 50-ஆம் நம்பர். கோலாலம்பூர்ச் சொந்தம் ஆயர் ஈத்தாம்ல ஹைவேயை விட்டு இறங்கி இதுலதான் வரணும். மெர்சிங்ல படகேறி தியோமான் தீவுக்குக் குளிக்கப் போறவனும் இதேதான். பள்ளிக்கூட லீவுல முகூர்த்தம் வெச்சா ரெண்டு கூட்டமும் ஒண்ணாச் சேந்து ஊரும்.

முன்னாடியாவது ஜொகூருக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு. 2014-லேர்ந்து நமக்கு வெள்ளி, சனி லீவு. கோலாலம்பூர்க்காரனுக்குச் சனி, ஞாயிறு. நாள் பாக்குறதுக்குள்ள சம்பந்திங்களுக்குள்ள சண்டையே வந்துடும். 2025 ஜனவரி முதல் தேதியிலேர்ந்து நமக்கும் சனி, ஞாயிறு ஆயிடுச்சு. சண்டை தீந்துச்சு. இப்போ எல்லாரும் ஒரே ஞாயித்துக்கிழமை ஒரே சடக்குல நிக்கலாம்.

சிங்கப்பூர் மாமா வர்றாரா? அவரு கதை தனி. ஜொகூர் பாலம் நீளம் ஒரு கிலோமீட்டரும் சொச்சமும். அந்த ஒரு கிலோமீட்டருக்கு அவரு பொழுது விடியுமுன்ன கெளம்பணும். அந்தப் பக்கத்துச் சட்டப்படி டேங்க்குல முக்காவாசி எண்ணெய் இருக்கணும். இந்தப் பக்கம் 2025 ஜூலையிலேர்ந்து வி.இ.பி. பெர்மிட் இல்லாத சிங்கப்பூர் காடிக்கு 300 வெள்ளி சம்மன். நம்ம 95 எண்ணெயையும் அவரு காடிக்கு ஊத்தக் கூடாது. இதெல்லாம் அழைப்பிதழ் குடுக்கும்போதே பக்குவமா சொல்லிடு. இல்லாட்டி மொய் எழுதுற எடத்துல அந்த 300 வெள்ளியைக் கழிச்சுக்குவாரு.

அந்தக் காலத்துல இந்தத் தலைவலி எங்கடா இருந்துச்சு? மாப்பிள்ளை அஞ்சாம் லயம், பந்தல் கோவில் திடல், விருந்தாளி எல்லாம் பக்கத்து லயம். வெளித்தோட்டத்துப் பொண்ணுன்னா கிராணி மூலமா தொரைகிட்டச் சொல்லி ஞாயித்துக்கிழமை லோரி வாங்குவோம். சனிக்கிழமை வரைக்கும் ஒட்டுப்பால் ஏத்துன லோரி. கழுவி, பலகை போட்டு, வாழை மரம் கட்டினா கல்யாண வண்டி. எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை போவாது. மல்லிகைப்பூவும் ஒட்டுப்பாலும் சேந்து அடிக்கும் பாரு, சம்பந்தி வீட்டுல எறங்கறதுக்கு முன்னாடியே நாங்க வர்றது தெரிஞ்சுடும். அது நல்ல காலம்னு சொல்ல வரல. மழையில நனைஞ்சோம், இடுப்பு ஒடிஞ்சுச்சு. ஆனா ஒருத்தரையும் விட்டுட்டுப் போகல. ஏத்துறதுக்கு முன்னாடி மண்டோர் பேர் சொல்லிக் கூப்புடுவாரு. கிழவிங்கதான் முதல்ல ஏறும்.

அப்புறம் பால்மரம் போயி செம்பனை வந்துச்சு. லயம் போச்சு. சனம் குளுவாங்குலயும் ஜொகூர் பாருலயும் தாமான் தாமானா சிதறிடுச்சு. கோவில் மட்டும் அங்கயே நிக்குது. அதனாலதான் இன்னிக்கு ஆளைக் கூட்டறதே பாதிக் கல்யாணம். இது புரியாம காடிக்கு ஸ்டிக்கர் ஒட்டுற நீ.

இப்போ நான் சொல்றதை எழுதிக்க. தாலி, ஐயர், மேளம், இந்த மூணும் முந்தின ராத்திரியே காஹாங்ல இருக்கணும். இது மூணும் வந்துட்டா, மாப்பிள்ளை சைக்கிள்ல வந்தாலும் கல்யாணம் நடக்கும். உன் காடி வந்து ஐயர் வராட்டி?

கோலாலம்பூர்ச் சனம் அத்தனை பேரும் காடி ஓட்டணும்னு சட்டமா? குளுவாங்குக்கு ரயில் இருக்கு. அந்த ஸ்டேசன்ல 1938-லேர்ந்து காப்பிக்கடை பேர் போனது. அங்க உக்காந்து ரொட்டியும் காப்பியும் சாப்புடட்டும். உன் வேன் ரெண்டு நடை அடிச்சா அத்தனை பேரும் வந்தாச்சு. ஜொகூர் பாருச் சொந்தத்துக்கு ஒரு பஸ் பேசு. ஏழு மணிக்குக் கெளம்பணும்னா ஆறு மணின்னு சொல்லு. நம்ம சனத்துக்கு ஒரு மணி நேரம் சேலை மடிப்புக்கே போயிடும். டிரைவரைப் பந்தியில உக்கார வெச்சு சோறு போடு, ஒரு தூக்கம் தூங்க விடு. 44 உசுரு அவன் கையில இருக்கு. புது பஸ்ஸா இருந்தா பெல்ட்டு கட்டியே ஆகணும், 2025 ஜூலையிலேயே அந்தச் சட்டம் வந்துடுச்சு. கட்டாட்டி அதுக்கும் 300 வெள்ளி.

முக்கியமானது ஒண்ணு பாக்கி. உன் பிளான்ல எல்லாரும் வர்றாங்க. ஒருத்தரும் திரும்பிப் போகலையே, ஏன்? கூட்டிக்கிட்டு வர பதினஞ்சு காடி, கொண்டு போயி விட ஒண்ணுமில்ல. மத்தியானத்துக்கு மேல உன் கூட்டாளிங்க பொனட்டைத் திறந்து வெச்சுத் தீர்த்தம் சாப்புட்டுக்கிட்டு நிப்பானுங்க. அவனுங்க கையில ஆயாவை ஒப்படைப்பியா? போனைத் தட்டினா காடி வரும்னு நெனைக்காத. இது பங்சாரு இல்ல, காஹாங்.

குடிக்காதவன் நாலு பேரு பேர் எழுது. அவங்க காடிதான் உன் கல்யாணத்துல முதல் தரக் காடி. அதுல மட்டும் ஸ்டிக்கர் ஒட்டு, போதும்.

என்னடா முழிக்கிற? நான் எதுல வர்றதுன்னா? அந்த ரெண்டு சீட்டுக் காடியில ஏத்திடாத. உக்காந்தா எழுந்திரிக்க என் முட்டி ஒத்துக்காது. பஸ்ஸுல முதல் வரிசை, ஜன்னலோரம். பெல்ட்டு கட்ட மாட்டேன்னு நான் அடம் புடிப்பேன், கட்டி விட ஒரு ஆளையும் கட்டத்துல போட்டுடு.