ஐநூறு வை, படுக்கப் போ

இரவு 2 மணி. பாட்டிக்கு டியூப் போட்டாயிற்று. போட்ட மயக்க மருந்து டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். இப்போது கட்டிலருகே இருப்பது வென்டிலேட்டரும் சிஸ்டரும், நேற்றுத்தான் ஐசியு டியூட்டியில் சேர்ந்த நீங்களும். சிஸ்டர் கேட்கிறார்: "செட்டிங் என்ன சார்?"

பதறாதீர்கள். குரலைத் தாழ்த்தி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ஐநூறு" என்று சொல்லுங்கள்.

ஒரு மூச்சுக்கு 500 மில்லி காற்று. டைடல் வால்யூம் என்பது இதுதான். ஏன் 500 என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. மொய் எழுதுகிறவரிடம் ஏன் ஐநூற்றியொன்று என்று யாராவது கேட்கிறார்களா?

சில சிஸ்டர்கள் வம்புக்காரர்கள். இழுப்பறையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் பாட்டியின் உயரம் 150 சென்டிமீட்டர் என்று தெரிந்துபோகும். தெரிந்தால் கணக்குப் போட வேண்டும்: உயரத்தில் 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, பெண்ணானால் 45.5-ஐ, ஆணானால் 50-ஐக் கூட்ட வேண்டும். உயரத்துக்கேற்ற எடையாகப் பாட்டிக்கு வருவது 43 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி வீதம் சுமார் 260. நீங்கள் சொன்னதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இந்த அவமானம் தேவையா?

கட்டிலோடு சேர்ந்த தராசு 78 கிலோ காட்டுகிறதே, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். உடம்பு பெருத்தால் இடுப்பு பெருக்கும், நுரையீரல் பெருக்காது, அது உயரத்தோடு நின்றுவிடும் என்றெல்லாம் புத்தகத்தில் இருக்கும். அமெரிக்காவில் ஏஆர்டிஎஸ் என்கிற கடும் நுரையீரல் பாதிப்பு வந்த 861 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. கிலோவுக்கு 12 மில்லி வாங்கியவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி வாங்கியவர்களில் 31. பாட்டிக்கு நீங்கள் வாய்க்கு வந்தபடி வைத்த ஐநூறு, உயரக் கணக்குப்படி கிலோவுக்குப் பதினொன்றரை மில்லி. தோற்ற கட்சியில் கிட்டத்தட்ட முழு உறுப்பினர்.

அடுத்து ஆக்சிஜன். 100 சதவீதத்தில் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். மானிட்டரில் சாச்சுரேஷன் 100 என்று பச்சையாக மின்னும்போது குறைக்க யாருக்கு மனசு வரும்? 92-லிருந்து 96 வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். மிதமிஞ்சிய ஆக்சிஜன் நாள்கணக்கில் போனால் நுரையீரலையே பதம்பார்க்கும். நுரையீரல் மோசமாகிக்கொண்டே வந்தாலும் அந்த 100 வெகுநேரம் வெளியே காட்டாது. உங்கள் டியூட்டி முடியும்வரை காட்டாவிட்டால் போதுமே. பீப் 5 என்று வையுங்கள். பலூனை முழுக்கச் சுருங்கவிட்டால் மறுபடி ஊதக் கன்னம் வலிக்கும் அல்லவா, அதனால் மூச்சு வெளியேறிய பிறகும் உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கிற ஏற்பாடு அது.

இப்போது மோடு, அதாவது மெஷின் மூச்சைக் கொடுக்கிற விதம். இங்கேதான் உங்கள் மேதைமையைக் காட்டலாம். உள்ளபடி சொன்னால் விஷயம் மாமியார் வீட்டு விருந்துதான். வால்யூம் கன்ட்ரோல் என்பது எட்டு இட்லி இறங்கியே ஆக வேண்டும் என்கிற மாமியார். வயிறு என்ன பாடுபட்டாலும் அது மாப்பிள்ளை கவலை. பிரஷர் கன்ட்ரோல் மாமியார் ஓரளவுக்குத்தான் வற்புறுத்துவார். இறங்கியது இரண்டா ஆறா என்று நாம்தான் எண்ணிக்கொள்ள வேண்டும். பிரஷர் சப்போர்ட்டில் மாப்பிள்ளையே எடுத்துச் சாப்பிடுகிறார், பாத்திரத்தை மட்டும் யாரோ நகர்த்திக் கொடுக்கிறார்கள். இவ்வளவு எளிதாகச் சொன்னால் யார் மதிப்பார்கள்? பிஆர்விசி, ஆட்டோஃப்ளோ, விசி பிளஸ் என்று அடுக்குங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றே, கம்பெனிக்கு ஒரு பெயர் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மோடே இல்லாத காலமும் இருந்தது. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, பையை அழுத்திக் காற்று கொடுக்கலாம் என்று வழிகாட்டினார் மயக்க மருந்து டாக்டர் பியோர்ன் இப்சென். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையாலேயே அழுத்தினார்கள். அவர்களிடம் மோடும் இல்லை, திரையும் இல்லை. வேறு வழியில்லாமல் நோயாளியின் முகத்தையும் நெஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

இனி அலாரம். அதை அடக்கத் தனிப் பொத்தான் உண்டு. அமுக்கினால் 2 நிமிடம் நிம்மதி. மறுபடி அமுக்கலாம். ஹை பிரஷர் என்று திரும்பத் திரும்பக் கத்தினால், "பேஷன்ட் ஃபைட் பண்றார்" என்று சொல்லி மயக்க மருந்தைக் கூட்டுங்கள். என் முதல் வருஷத்தில் ஒரு பெரியவருக்கு இப்படி மூன்று தடவை கூட்டியிருக்கிறேன். உச்ச அழுத்தம் 48. உள்மூச்சின் முடிவில் ஓர் அரை விநாடி நிறுத்திப் பிளாட்டோ அழுத்தத்தைப் பார்த்திருந்தால் 22 என்று தெரிந்திருக்கும். 30-க்குள் இருப்பதால் நுரையீரல் மேல் குற்றமில்லை, அடைப்பு வழியில்தான் என்றும் புரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நான்காவது ஊசிக்கு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் பெரியவரின் வாயைத் திறந்து காட்டினார். ஆள் டியூபைக் கடித்துக்கொண்டிருந்தார். பற்களுக்கு நடுவில் ஏர்வே என்கிற பிளாஸ்டிக் துண்டைச் செருகியதும் அலாரம் நின்றது. இது மாதிரி வெட்கக்கேடுகளைத் தவிர்க்க வாய்ப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

ஆஸ்துமாக்காரர் வந்தால் மூச்சின் ரேட்டைத் தாராளமாகக் கூட்டுங்கள். போன காற்று வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே அடைந்து, நெஞ்சு உப்பி, பிபி இறங்கும். ரேட்டைக் குறைத்து, வெளிமூச்சுக்கு நேரம் கொடு என்பதெல்லாம் பொறுமைசாலிகள் செய்கிற வேலை.

வென்டிலேட்டரை எப்போது எடுப்பது? அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். காலையில் மயக்க மருந்தை நிறுத்தி, கண் விழிக்கிறாரா பார்த்து, 30 நிமிடம் தானாக மூச்சுவிட வைத்துப் பார்த்தால், பலர் தேறிவிடும் அபாயம் இருக்கிறது. யார் டியூபை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று எழுதவேண்டிவரும்.

எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ். சீஃப் பாட்டியின் கட்டிலருகே நின்று, திரையைப் பார்க்காமல், போர்வை விளிம்புக்கு வெளியே தெரிகிற பாதங்களையே கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"பாட்டி என்னப்பா உயரம்?"

தயங்கக்கூடாது.

"எழுபத்தெட்டு கிலோ சார்."