பாஸ்கலின் பந்தயமும் குற்றாலநாதரின் தலைவலியும்

கடவுளை நம்புவதில் லாப நட்டம் பார்க்கும் பழைய வழக்கத்துக்குக் கணித வேடம் கட்டிவிட்டவர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். 1662இல் அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்த குறிப்புகளில் காணப்படும் ‘பந்தயம்’ என்னும் வாதத்தின்படி, கடவுள் இருந்து அவரை நம்பியும் இருந்தால் கிடைப்பது எல்லையற்ற பேரின்பம், இல்லாமற்போனால் இழப்பது சில சில்லறைச் சுகங்கள். ஆகவே அவர் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு சொற்பமானாலும் நம்பிவிடுவதே கெட்டிக்காரத்தனம். பாஸ்கல் தம் ஊர்க் கடவுளை மட்டுமே மனத்தில் வைத்து இதைச் சொன்னதால், ஓர் இமாமும் இதே வாதத்தைச் சொல்லலாமே என்று பின்னாளில் தீதரோ மடக்கினார்.

தீதரோவின் இந்த இக்கட்டைக் குற்றாலம் எப்போதோ தீர்த்துவிட்டது. சைவர் என்பதால் அங்கிருந்த திருமால் கோயிலுக்குள் விடப்படாத அகத்தியர், வைணவக் கோலம் பூண்டு நுழைந்து, பெருமாளின் திருமுடியில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது தலபுராணம். அதாவது, கட்டிய பணத்தை எடுக்காமல் குதிரையை மாற்றிய முதல் பந்தயக்காரர் அவரே. சங்கு வடிவக் கோயில் அப்படியே இருக்க, லிங்கத்தின்மேல் முனிவரின் விரல் தடம் இன்றும் இருப்பதாகக் காட்டுகிறார்கள். அந்த அழுத்தத்தால் வந்த தலைவலி தீர இறைவனுக்கு மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது. தலைவலியோடு இருப்பவரிடம் பேரின்பம் கேட்பது முறையா என்று பக்தர்கள் தயங்குவதில்லை. அந்தத் தைலத்தில் தமக்கும் ஒரு சொட்டு கிடைக்குமா என்பதே அவர்கள் கவலை.

பந்தயத் தொகை என்பது இவ்வூரில் பெரும்பாலும் செருப்புதான். ஆனி, ஆடிச் சாரலில் தரிசனத்துக்கு வருபவர், புதுச் செருப்பை விடுதியிலேயே பத்திரப்படுத்திவிட்டு வார் அறுந்ததை மாட்டிக்கொண்டு வருகிறார். கடவுள் இருக்கிறார் என்பதிலும் அவர் செருப்புக்குக் காவல் நிற்கமாட்டார் என்பதிலும் அவருக்குச் சம அளவில் உறுதி உண்டு. பக்கத்திலேயே பேரருவியில் வெள்ளம் ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கிப் போலீஸ்காரர் விசில் ஊதினாலோ, ஆத்திகரும் நாத்திகரும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே வேகத்தில் கரையேறுகிறார்கள்.

இவர்கள் எல்லாரினும் நிதானமாகக் கணக்குப் போட்டவர் தென்காசியைக் கட்டிய பராக்கிரம பாண்டியர். வடகாசிக்கு நடந்து வழியிலேயே உயிர்விடுவோரின் செலவைக் குறைக்கக் காசியையே தெற்கே கொண்டுவந்தார் என்பார்கள். 1446இல் திருப்பணி தொடங்கிய அம்மன்னர், விசுவநாதர் தம் கோயிலைத் தாமே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடவில்லை. இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவரைப் பணிகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்தார். குறையும் நேர்ந்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990இல்தான் ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடிக்கு மீண்டும் எழுந்தது. ‘யாராயினும்’ என்ற சொல்லுக்கு மன்னர் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லையாதலால், அன்று கூலிக்குச் சாரம் ஏறியவர்களில் கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருந்திருந்தால், பாண்டியரின் கும்பிடு அவருக்கும் பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும்.