குணத்தில் தங்கம்

கார் வாங்கியவர் மூன்று மாதம் அதைப் பற்றிப் பேசுவார். வீடு கட்டியவர் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு வீட்டை விட்டுவிட்டுக் கடனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். குதிரை வாங்கியவருக்கு மட்டும் பேச்சு தீராது. ஈரோடு, பவானி, அந்தியூர் வட்டாரத்தில் இந்த ரகத்தவர் கொஞ்சம் அதிகம். தறி, அரிசி மில், நெல் அறுக்கும் மிஷின் என்று பிழைப்புக்கு வேறு ஏதாவது இருக்கும். குதிரையால் பைசா வரும்படி கிடையாது. "அப்புறம் எதுக்குங்க குதிரை?" என்று கேட்டுவிட்டால், பாவம் இவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி நம்மைப் பார்ப்பார்கள்.

நான் சொல்ல வருவது ஒரு மஞ்சள் மண்டிக்காரரைப் பற்றி. பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்துக் குதிரைக்காரர்கள் பத்துப் பேரைச் சேர்த்து அரைத்தாலும் கிடைப்பது இவராகத்தான் இருக்கும்.

மண்டியில் அவர் பெரிய எமன். மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் போதும், விரலியில் ஈரம் நிற்கிறதா, கிழங்கை வண்டு தொட்டிருக்கிறதா, அடிமூட்டையில் போன வருஷச் சரக்கைக் கலந்திருக்கிறார்களா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். மகன் பிளஸ் டூவில் 540 மார்க் வாங்கி வந்த அன்று, மிச்சம் 60 எங்கே என்று கேட்ட மனிதர். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவது வருமான வரிக்காரர்களால்கூட ஆகாத காரியம். அந்த மனிதர் வீட்டுக்குப் பின்புறம் கொட்டகைப் பக்கம் திரும்பியதும் ஆள் மாறிப்போவார்.

குதிரை செம்மண் நிறம். நான்கு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் அதற்குப் பஞ்சகல்யாணி என்று பெயர், ராசியிலேயே பெரிய ராசி. இதற்கு மூன்று கால் வெள்ளை. முகத்தில் சுண்ணாம்புக் கை பட்ட மாதிரி ஒரு தீற்றல். நாலாவது காலைப் பற்றி நான் கேட்டேன். "அதுவும் வெள்ளைதானுங்க. உள்ளுக்குள்ள இருக்குது" என்றார். 'பஞ்சம்' மட்டும் முழுதாக இருக்கிறது என்று அவர் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்வாரிக் குதிரைக்குக் காதுதான் அடையாளம். இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியும் நுனியும் தொட்டுக்கொள்ளும். கத்தியவாரிக்கும் ஏறக்குறைய அப்படியே. ராஜஸ்தானத்து அசல் மார்வாரி என்று சொல்லி இவர் தலையில் கட்டப்பட்ட இந்தக் குதிரையின் இரண்டு காதுக்கும் நடுவில் ஒரு தேங்காயைத் தாராளமாக வைக்கலாம். "இப்ப சும்மா நிக்கறானுங்க, அதான் விரிச்சு வெச்சிருக்கான். ஏதாவது சத்தம் கேட்டா ரெண்டும் வந்து சேந்துக்கும்" என்றார். கையைத் தட்டிப் பார்த்தேன். ஒரு காது முன்னாலும் ஒரு காது பின்னாலும் போயின.

குதிரையின் உயரத்தைப் பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் அளப்பதுதான் எங்கும் வழக்கம். தலை ஏறும் இறங்கும், அந்த மேடு நகராது என்பதுதான் காரணம். மண்டிக்காரர் டேப்பைக் காது நுனி வரை கொண்டுபோகிறார். "தலையும் குதிரையோடதுதானுங்களே." அவருடைய சொந்த உயரத்தில் தலைப்பாகையும் சேர்த்தி.

வயது சமாச்சாரம் இன்னும் சிக்கல். பால் பல்லெல்லாம் விழுந்து முன்பல் முழுசாக முளைத்து முடிய 5 வயதாகும். அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு. 10 வயது வாக்கில் மேல்வரிசைக் கடைசி முன்பல்லில் ஈற்றோரம் ஒரு பள்ளக்கோடு எட்டிப் பார்க்கும். 15 வாக்கில் பாதிப் பல் வரை இறங்கும், 20ல் அடியைத் தொடும். மருத்துவர் ஒருவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கோடு பாதியைத் தாண்டியிருந்தது. "அது கோடில்லீங்க டாக்டர், கொள்ளுத்தோல் ஒட்டியிருக்குது" என்று மண்டிக்காரர் வாயை மூடிவிட்டார், குதிரையின் வாயை. வயது ஆறாம். போன ஆடியிலும் ஆறுதான்.

இதெல்லாம் உடம்பு. குணம் என்று ஆரம்பித்தால்தான் அவர் குரலே தழுதழுக்கும்.

இந்தக் குதிரைக்குப் பிளாஸ்டிக் பை என்றால் பயம். ரோட்டோரம் ஒரு கேரி பேக் காற்றில் லேசாக அசைந்தால் போதும், நாலு கால் பாய்ச்சலில் அடுத்த ஊருக்குப் போய்விடும். குதிரையைக் குற்றம் சொல்ல முடியாது. கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் பார்வை எட்டாது. புல்வெளியில் பிழைத்த ஜாதி, முதலில் ஓடிவிட்டுப் பிறகுதான் எதற்கு ஓடினோம் என்று யோசிக்கும். இப்படி இயற்கை விளக்கம் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். மண்டிக்காரர் சொன்னது வேறு: "சுற்றுச்சூழல் மேல அக்கறை உள்ள குதிரைங்க. பிளாஸ்டிக் ஆகாது."

ஒருநாள் காலிங்கராயன் வாய்க்கால் ஓரமாகப் போனபோது எதிரே ஒரு பை வந்தது. குதிரை தாண்டியது, இவர் தாண்டவில்லை. வாய்க்காலிலிருந்து ஆட்கள் தூக்கி விட்டபோது, முழங்கை தோல் உரிந்து, ஒரு செருப்பு தண்ணீரோடு போய், மனிதர் சொன்ன முதல் வார்த்தை: "பாத்தீங்களா, எம் மேல ஒரு கால்கூடப் படாமத் தாண்டிப் போச்சு! எந்தக் குதிரைக்குங்க இந்தப் பக்குவம் வரும்?"

என் தோளையும் அது ஒருமுறை கடித்தது. "உங்களைப் பிடிச்சுப்போச்சுங்க அதுக்கு. பிடிக்காதவங்களைத் திரும்பிக்கூடப் பாக்காது" என்றார். பிடிக்காதவர்கள் பட்டியலில் சேர என்ன வழி என்று நான் கேட்டதை அவர் தமாஷ் என்று எடுத்துக்கொண்டார்.

சுழி பார்க்கிற விஷயத்தில் அவர் மாட்டுக்காரர்களையே மிஞ்சுவார். மயிர் சுழிகிற இடத்தையும் திசையையும் வைத்து வாங்கினவன் தலையெழுத்தைச் சொல்லும் கலை இது. மேல் நோக்கிப் போனால் ஏறுபூரான், குடும்பம் ஏறும். கீழ் நோக்கிப் போனால் இறங்குபூரான், குடும்பம் இறங்கும். ஒரே பூரான் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பார்க்கிறவர் விற்பவரா வாங்குபவரா என்பதைப் பொறுத்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்தக் குதிரை வந்த வருஷம்தான் மஞ்சள் விலை விழுந்தது. "இவன் மட்டும் வரலீன்னா இன்னும் விழுந்திருக்கும்" என்கிறார்.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. கடையேழு வள்ளல்களில் காரியின் குதிரைக்கும் பெயர் காரி, ஓரியின் குதிரைக்கும் பெயர் ஓரி. குதிரையைப் புகழ்ந்தால் தன்னைப் புகழ்ந்த மாதிரியும் ஆயிற்று, தற்பெருமை என்று யாரும் சொல்லவும் முடியாது. மண்டிக்காரரும் தன் பெயரையே வைக்கப் பார்த்தார். "கொட்டாயிலிருந்து நான் கூப்பிட்டா யாரு வர்றது?" என்று மனைவி கேட்டதால் ராஜா என்றாயிற்று. செஞ்சியில் 1714ல் மாண்ட தேசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் கதைப்பாடலில் அவனுக்கு இருக்கிற அளவு பேர் பாராசாரிக் குதிரைக்கும் உண்டு. சென்னை அண்ணா சாலையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலையைக் காட்டினால் மண்டிக்காரர் மன்றோவைப் பார்க்கவே மாட்டார். "சேணமும் இல்ல, அங்கவடியும் இல்ல. அப்படி உக்கார விடற குதிரை எங்க இருக்குது? நம்ம கொட்டாய்ல இருக்குது" என்பார். ராஜா சேணம் போட்டே உட்கார விடுவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

குதிரையின் இலட்சணங்களை எடுத்துச் சொல்லி விற்ற ஆட்களில் நம்மிடையே மிகப் பெரியவர் சாட்சாத் சிவபெருமானேதான். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்துவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டி வந்து, பாண்டியனிடம் அவற்றின் குணநலன்களை விளக்கி, கயிற்றைக் கை மாற்றிக் கொடுத்தார். கயிறு மாறினால் வியாபாரம் முடிந்தது. ராத்திரி அவை நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின. கயிறு மாறிய பிறகு வருகிற குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை என்கிற சந்தை நியாயம் அப்போதே இருந்திருக்க வேண்டும்.

புராணத்தை விடுங்கள். பாரசீகத்து வசாப் எழுதி வைத்த கணக்கின்படி பாண்டிய நாட்டுக்கு வருஷம் 1400 குதிரை கப்பலில் வரும், தலைக்கு 220 பொன் தினார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ, வருகிற குதிரையில் பெரும்பாலானவை வருஷம் முடிவதற்குள் செத்துப்போகின்றன, லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் இங்கே ஆளில்லை, தீனியாக வெந்த சோற்றையும் கறியையும் போடுகிறார்கள் என்று எழுதினார். இதை நான் சொல்லக் கேட்ட மண்டிக்காரருக்குப் பாண்டியன் மேல் அப்படி ஒரு கோபம். "கறியா? புல் தின்னுற ஜீவனுக்குக் கறியா? ராஜாவா அவன்?" அன்று மாலை ராஜாவுக்கு இரண்டு படி கொள்ளு கூடுதலாகக் கிடைத்தது, எழுநூறு வருஷப் பாவத்துக்குப் பரிகாரமாக.

பரிகாரம் வேலையைக் காட்டியது. குதிரைக்கு இரைப்பை சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் பூராவும் மேய்வதற்கென்று அமைந்த உடம்பு. மிஞ்சித் தின்றால் வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதனால் முடியாது. வயிற்றுவலி வந்தால் அது சாவோடு விளையாட்டு. நடு ராத்திரியில் ராஜா தரையில் புரளத் தொடங்கியது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மருத்துவர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். படுக்க விடாமல் நடத்தச் சொன்னார். மண்டிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்தைச் சுற்றினார். விடிய விடிய அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய மனைவி லாந்தரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

காலை ஆறு மணிக்குக் குதிரை லத்தி போட்டது. அடைப்பு விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு மண்டிக்காரர் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. லத்தியின் நிறம், உருண்டை, சூடு எல்லாவற்றையும் வர்ணித்தார். அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார். சம்பந்தி வீட்டார் என்ன இது என்று புரியாமல் வாழ்த்துச் சொன்னார்கள்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழா. அதை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி, உடம்பெல்லாம் வெளுத்த நொக்ரா, மேளத்துக்கு ஆடுகிற குதிரை என்று எங்கிருந்தெல்லாமோ கொண்டுவந்து கட்டுவார்கள். அங்கே ஒரு தர்மம் உண்டு. அடுத்தவன் குதிரையை யாரும் புகழக் கூடாது. ஆகப் பெரிய பாராட்டு "பரவால்லீங்" என்பதுதான். குணத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லலாம். விலையை மட்டும் துண்டுக்குள் கையை விட்டு விரலால் பேச வேண்டும்.

மண்டிக்காரரும் வருஷா வருஷம் ராஜாவைக் குளிப்பாட்டி, நெற்றிக்குக் குஞ்சம் கட்டிக் கூட்டிப் போவார். "விக்கற உத்தேசம் இல்லீங். சும்மா நாலு பேர் பாக்கட்டும்னு." ஆனால் விலை கேட்டால் சொல்வார். யாரும் இரண்டாம் முறை கேட்காத விலை. மறுத்துவிட்டுப் போகிறவர்களின் அறியாமையைப் பற்றி அடுத்த ஆடி வரை பேசுவார்.

போன வருஷம் சேலத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். பண்ணை வீடு, பேரனுக்குக் குதிரை வேண்டுமாம். துண்டுக்குள் கையை விட்டார். விரலைப் பிடித்தார். பேரமே பேசவில்லை. "சரிங்க, முடிச்சுக்கலாம்" என்று பையைத் திறந்து, கயிற்றுக்குக் கையை நீட்டினார்.

மண்டிக்காரர் முகம் வெளிறிவிட்டது. கயிற்றைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"பேரனுக்குங்களா? இது கடிக்குமுங்க" என்றார்.

"பழக்கிக்கலாங்க."

"பிளாஸ்டிக் பையைப் பாத்தா ஓடிருமுங்க. என்னையவே வாய்க்கால்ல தள்ளிருச்சு. காதைப் பாருங்க, இது மார்வாரியே இல்லீங். பல்லைப் பாருங்க, கோடு பாதிக்கு மேல வந்தாச்சு, பதினாறு வயசுக்குக் கொறையாது. மூணு கால்தான் வெள்ளை. இந்தச் சுழி இறங்குபூரானுங்க, இது வந்த வருஷம் மண்டியே படுத்துருச்சு. கொள்ளு ரெண்டு படி கூடிப்போனா ராத்திரி பூராத் தூங்க விடாது…"

மூச்சு வாங்காமல் சொன்னார். ஒரு குறை விடவில்லை, எனக்குத் தெரியாதவை இரண்டு மூன்றும் அதில் இருந்தன. மூட்டையில் கைவிட்டுச் சரக்குப் பார்க்கிற அதே கண் அத்தனை வருஷமும் கொட்டகையிலும் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சேலத்துக்காரர் பையை மூடிக்கொண்டு, இப்படி ஒரு யோக்கியமான வியாபாரியைத் தான் பார்த்ததே இல்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, எவ்வளவு சொல்லியும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசுச்சா? குணத்துல தங்கமுங்க."

வருகிற ஆடியில் அந்தியூர் போகிறவர்கள் அவசியம் ராஜாவைப் பாருங்கள், விலையும் கேளுங்கள். தயவு செய்து ஒப்புக்கொண்டுவிடாதீர்கள்.